போனை முதலில் வைக்காதவங்க

அன்றைக்கு அந்த ஆபீசில் இருந்தது மொத்தம் எட்டுப் பேர். பெங்களூரிலிருந்து வந்த ஒரு மேடம், அவங்களோடு லேப்டாப் தூக்கி வந்த ஒரு தம்பி. எங்க ஓனர், அதாவது எங்களுக்கு லோடு பிடித்துக் கொடுத்த அந்த ஆப்பை ஆரம்பித்தவர். நாற்காலி இருந்தும் உட்காராமல் சன்னலோரம் நின்றார். கணக்குப் பார்க்கிற பெரியவர் ஒருத்தர். டிரைவர்களில் மூன்று பேர்: வேப்பனப்பள்ளி முனிராஜ், திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்து ஓசூரிலேயே தங்கிவிட்ட சுடலைமுத்து, நான். எட்டாவது அந்தம்மா. மற்ற டிரைவர்கள் வாடகையை விட்டுவிட்டு வர முடியாது, நீங்க மூணு பேரும் போய்க் கேட்டுக்கிட்டு வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். யாரெல்லாம் இருந்தார்கள் என்று பின்னால் யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று உள்ளே நுழைந்ததுமே தலைகளை எண்ணி மனதில் வைத்துக்கொண்டேன். என் குணம் அப்படி. கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தாலும் எண்ணிவிடுவேன்.

அந்தம்மா என்றுதான் எழுதப் போகிறேன். பெயர் தெரியும், ஆனால் எங்களில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாமல்பட்டிப் பக்கம் ஊர். என்னைவிட ரொம்பச் சின்ன வயசு. அன்றைக்குத்தான் முகத்தையே பார்த்தேன். அதுவரைக்கும் ஆபீசிலிருந்து போனில் வருகிற குரல்தான். அந்தக் குரலுக்கு நானாக ஒரு முகம் வைத்திருந்தேன். கொஞ்சம் பருமனாக, நெற்றியில் பெரிய பொட்டோடு. அங்கே நின்றவங்க குச்சி மாதிரி இருந்தாங்க. கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. காதில் படுகிற பஞ்சு கிழிந்துபோய், பழைய சுடிதார்த் துணியை வைத்துத் தைத்திருந்தாங்க. ஆள் மாறிப் போயிற்றோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் வாயில் கிராம்பை ஒதுக்குகிற சத்தம் கேட்டது. தொண்டைக்காக எப்போதும் கிராம்பு போட்டிருப்பாங்க. அது பல்லில் படுகிற சத்தம் எங்க எல்லாருக்கும் பழக்கம். சரி, இவங்கதான் என்று நம்பினேன்.

அவங்ககிட்ட ஒரு பழக்கம் இருந்தது. போனை அவங்க முதலில் வைக்க மாட்டாங்க. நாம்தான் வைக்க வேண்டும். பேச்சு முடிந்து, சரிம்மா வெச்சிடறேன் என்று சொல்லிவிட்டு, வைக்க மறந்து போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால், ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்கும்போதும் லைன் ஓடிக்கொண்டிருக்கும்.

சுடலைமுத்து இதைச் சோதித்தே பார்த்தான். பத்தலப்பள்ளி மார்க்கெட் பக்கம் வண்டியை நிறுத்தி, போனை முன்னால் வைத்துவிட்டு, அண்ணே நான் இப்ப வாரேன் என்று என்னிடம் கண்ணடித்துப் போய் பரோட்டா தின்றுவிட்டு வந்தான். போனை எடுத்துக் காதில் வைத்தால், "சாப்ட்டாச்சாண்ணா? சால்னா நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாங்களாம். கடைக்காரர் தட்டுகிற சத்தம்கூடக் கேட்டது என்றாங்களாம். அவன் இதை ஊர் பூராவும் சொல்லிச் சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு அவன் அந்த விளையாட்டை விளையாடவில்லை.

நான் ஒருதரம் கேட்டே விட்டேன், ஏம்மா, எதுக்கும்மா இப்படிக் காத்திருக்கறே, வெச்சுட்டு அடுத்த வேலையப் பார்க்கக் கூடாதா என்று. கிராம்பை ஒதுக்கிவிட்டுச் சொன்னாங்க.

"கூப்பிட்டது நீங்கதானேண்ணா. சொல்ல வேண்டியது முடிஞ்சுதா இல்லையான்னு உங்களுக்குத்தானே தெரியும்? எனக்கு எப்படித் தெரியும்?"

அன்றைக்கு நான் மறக்காமல் போனை வைத்தேன்.

எங்களுக்கும் அந்த ஆப்புக்கும் எப்படிப் பழக்கமானது என்று சொல்ல வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவன். பதினேழு வயதில் ஸ்டியரிங் பிடித்தேன். சொந்தமாகக் குட்டியானை வண்டி ஒன்று வாங்கி ராயக்கோட்டை ரோட்டு ஸ்டாண்டில் போட்டிருந்தேன். ஸ்டாண்டில் வரிசைதான் எல்லாம். உன் முறை வந்தால் என்ன லோடானாலும் எடுக்க வேண்டும், வராவிட்டால் பொழுது போகிற வரைக்கும் உட்கார வேண்டும். அப்போதுதான் இந்த ஓனர் வந்தார். நம்ம மாவட்டத்துப் பையன்தான், பெரிய படிப்பு. லோடு ஏற்ற வேண்டியவர் போனில் கேட்டால், பக்கத்தில் இருக்கிற வண்டிக்காரர் போனில் மணி அடிக்கும், பச்சைப் பட்டனை அழுத்தினால் டிரிப் உங்களுக்கு, வரிசையும் வேண்டாம் ஸ்டாண்டும் வேண்டாம் என்றார். ஸ்டாண்டுத் தலைவர் எங்களைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். போறவங்க போங்க, திரும்பி வந்தா கடைசி ஆளாத்தான் நிக்கணும். கடைசி ஆள் என்றால் உங்களுக்கு முன்னால் இருக்கிற அத்தனை பேரும் ஒரு சுற்று போன பிறகுதான் உங்களுக்கு. நாங்க பதினாலு பேர் போனோம்.

போன பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. அந்தப் பச்சைப் பட்டனைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும். மணி அடிக்க அடிக்க அது தேய்ந்துகொண்டே வரும். தேய்வதற்குள் அழுத்த வேண்டும். என்ன லோடோ, எந்தச் சந்தோ, அழுத்தினால் காசு ஏதும் பிடிப்பார்களோ என்று நான் யோசிப்பதற்குள் வட்டம் காணாமல் போய்விடும். சில நேரம் அந்த ஆப் நம்மை வெளியே தள்ளிவிட்டு, போனுக்கு வந்த நம்பரைப் போடு என்று கேட்கும். ஓ.டி.பி. நம்பரை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று பேங்கில் சொல்லிச் சொல்லி எங்களுக்கு அதில் அப்படி ஒரு பயம். பதினாலு பேரில் ஒருத்தனும் போட மாட்டான். முனிராஜ் ஒருதரம் அந்த மெசேஜ் வந்த பயத்தில் பேட்டரியையே கழற்றப் பார்த்தான்.

நான் உதவி நம்பருக்குக் கூப்பிட்டேன். அந்தம்மா எடுத்தாங்க. விஷயத்தைச் சொன்னேன். "சரிண்ணா, நான் போட்டு உட்டுடறேன். நீங்க வண்டிய எடுங்க" என்றாங்க. ஆபீசில் சோதனை பார்ப்பதற்கு என்று ஒரு டிரைவர் கணக்கு வைத்திருந்தார்களாம். அதில் பச்சைப் பட்டனை அவங்களே அழுத்திவிட்டு, லோடுக்காரரிடம் போனில் எங்க வண்டி நம்பரைச் சொல்லிவிட்டாங்க. முதலில் போட்டுவிட்டது எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். முனிராஜ் தனக்குத்தான் என்பான்.

அப்புறம் அதுவே முறையாகிவிட்டது. வண்டி சும்மா இருந்தால் ஒரு மிஸ்டு கால். போன ஊரிலிருந்து திரும்பி வர லோடு வேண்டுமென்றால் இரண்டு மிஸ்டு கால். அவங்க திரும்பக் கூப்பிட்டு, பாகலூர் போறீங்களா, பேரிகை போறீங்களா என்று மட்டும் கேட்பாங்க. நாங்க ஊரைச் சொல்வோம். மீதியெல்லாம் அவங்க. வழியில் கையில் கிடைக்கிற வாடகை எங்களுக்கு. கம்பெனிப் பார்ட்டிகளின் வாடகை மட்டும் ஆபீசுக்கு வரும். யார் எந்த டிரிப் ஓட்டினார்கள் என்று அந்தம்மா சொல்ல, கணக்குப் பெரியவர் வாரக் கடைசியில் எங்களுக்கு அனுப்பிவிடுவார். ஓனருக்கும் இது தெரியும். லோடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று விட்டிருந்தார்.

ஒரு போனுக்கு இவ்வளவு நேரமா, மூணு நிமிஷத்துல முடிங்க என்று அவர் அந்தம்மாவைக் கோபித்துக்கொள்வார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சரிங்க சார் என்பாங்களாம். அடுத்த போனே முக்கால் மணி நேரம் ஓடுமாம்.

முக்கால் மணி நேரம் ஓடியதில் பாதி என் போன்தான். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். ஒருநாள் பேரிகையிலிருந்து ரோஜாப் பெட்டி ஏற்றிக்கொண்டு பெங்களூர் போகிறேன். அத்திப்பள்ளி தாண்டியதும் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. மத்தியான வெயில். பின்னால் பெட்டிக்குள் பூ வெந்துகொண்டிருக்கும். பூ போனால் வாடகை போகும், வாடகை போனால் வண்டி டியூ போகும், டியூ போனால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒரு ஜாமில் நிற்கிற இடத்திலேயே நான் நடுத்தெருவுக்கு வந்துவிட்டேன். போன் போட்டேன்.

பயப்படாதீங்க என்று அவங்க ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. "முன்னாடி என்ன வண்டிண்ணா நிக்குது?" என்று கேட்டாங்க.

லாரி என்றேன். எந்த ஊர் நம்பர் என்றாங்க. பார்த்துச் சொன்னேன். பின்னால் ஏதாவது எழுதியிருக்குதா? எழுதியிருக்குது, கன்னடம், படிக்கத் தெரியாது என்றேன். எழுத்து எப்படி இருக்குது, வட்டமா கோடா, சொல்லுங்க பார்ப்போம் என்றாங்க. நான் எழுத்தின் உருவத்தைச் சொல்லச் சொல்ல, அது என்ன எழுத்து என்று அவங்க கண்டுபிடித்துக்கொண்டே வந்தாங்க. கடைசியில் அது லாரிக்காரர் மகள் பெயர் என்று ஆயிற்று. அதற்குள் வண்டிகள் நகர ஆரம்பித்துவிட்டன. நடுவில் இன்னொரு போனில் பூ மார்க்கெட் ஆளிடம் கன்னடத்தில் விஷயத்தைச் சொல்லி, இறக்குவதற்கு இரண்டு ஆளை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டிருக்காங்க. அது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

மாங்காய்க் காலத்தில் முனிராஜுக்கும் ஒரு தோப்புக்காரருக்கும் வேப்பனப்பள்ளியில் சண்டை. அவர் தெலுங்கு, இவன் தெலுங்கும் தமிழும் கலந்து. பெட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசியதா, வண்டிக்கு இவ்வளவு என்று பேசியதா என்று ஆரம்பித்து, அவன் அப்பன், இவன் பாட்டன் வரைக்கும் போய்விட்டது. முனிராஜ் போனை ஸ்பீக்கரில் போட்டு மாங்காய்க் குவியல் மேல் வைத்தான். இரண்டு பேரும் மாங்காயைப் பார்த்துத் திட்டிக்கொண்டார்கள். அந்தம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டித் திட்டி இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கிய பிறகு, தோப்புக்காரரிடம் தெலுங்கில், முனிராஜிடம் தமிழில், தனித்தனியாக ஏதோ கேட்டாங்க. சண்டை முடிந்தது. வழியெல்லாம் முனிராஜ், அது அந்த ஆளு பக்கம் பேசிடுச்சு என்று புலம்பினான். தோப்புக்காரர் அடுத்த வாரம் என்னிடம், உங்க ஆபீஸ் பொண்ணு டிரைவர் பக்கம்தான் பேசுது என்றார்.

அவங்க மேல் எங்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. என் வீட்டுக்காரி கேலி செய்வாள், உனக்கு பிரேக் பிடிக்கலைன்னாகூட அந்தப் பொண்ணுக்குத்தான் போன் பண்ணுவே என்று. சில நாள் எனக்கே உறுத்தும். அவங்களுக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று உண்டா, வீட்டுக்கு எப்போது போவாங்க, நாம் வைக்கிற வரைக்கும் வைக்காதவங்களை நாம் எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கிறோம். அந்த உறுத்தலோடே அடுத்த போனையும் போடுவேன்.

ஒருநாள் ஓனர் குரூப்பில் நல்ல செய்தி என்று போட்டார். பெங்களூரில் இருக்கிற பெரிய கம்பெனி ஒன்று எங்க ஆப்பை வாங்கிவிட்டது. எல்லாருக்கும் ஒரு டி-சர்ட் கொடுத்தார்கள். அப்புறம் இரண்டாவது செய்தி வந்தது. இந்த மாசக் கடைசியோடு நம்ம ஆப் நின்றுவிடும். இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிற டிரைவர்களை அப்படியே புதுக் கம்பெனியின் ஆப்புக்கு மாற்றிவிடுவார்கள். புதுசாகச் சேர வருகிறவர்களுக்குத்தான் வண்டி வயசு, அது இது என்று சட்டம். என் வண்டிக்கு அந்த வயசு எப்போதோ தாண்டிவிட்டது. மாற்றினால்தான் எனக்குப் பிழைப்பு. இல்லாவிட்டால் ஸ்டாண்டில் கடைசி ஆள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தம்மாவுக்கு ஒரு நாளைக்கு நாலு தரம் போன் போட்டேன். ஒவ்வொரு தரமும் பொறுமையாக ஒரே பதில்தான். உங்க பேர் போகும்ணா, எல்லார் பேரும் போகும், யார் எவ்ளோ ஓட்டினீங்கன்னு எனக்குத் தெரியாதா. அவங்க மனசார நம்பித்தான் சொன்னாங்க. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

மாசக் கடைசி நாள்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன நாள். எங்க பெயர் போய்விட்டதா என்று நேரில் கேட்டுவிட்டு வரத்தான் போனோம்.

பெங்களூர் மேடம் கெட்டவங்க இல்லை. எங்களை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, லேப்டாப்பை எங்க பக்கம் திருப்பி வைத்தாங்க. தமிழ் தெரிந்தவங்கதான்.

"இந்த ஏரியாவுல பதினாலு டிரைவர் பேர் இருக்கு. பதினாலு பேருமே ஒரு டிரிப்கூட எடுக்கல. சேர்ந்ததோட சரி. எல்லா டிரிப்பும் ஒரே கணக்குல ஓடியிருக்கு. ஒரே நேரத்துல பாகலூர்ல ஒரு வண்டி, ராயக்கோட்டையில ஒரு வண்டி. இவர் யாருன்னு தெரிஞ்சுக்கத்தான் நானே வந்தேன். ஒண்ணு, பெரிய ஆளா இருக்கணும். இல்ல, ஏதோ தப்பு இருக்கணும்."

ஓனர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்தம்மா கழுத்திலிருந்த ஹெட்போனைக் கையால் பிடித்துக்கொண்டாங்க.

"அது நான்தாங்க," என்றாங்க.

"நீங்க வண்டி ஓட்டுவீங்களா?"

"சைக்கிள்தாங்க ஓட்டுவேன்."

சுடலைமுத்து பக்கென்று சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டான். அந்தம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாங்க. பட்டன், வட்டம், ஓ.டி.பி. பயம், மிஸ்டு கால். சொல்லச் சொல்ல அவங்களுக்கே அது என்னவாகிறது என்று விளங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். குரல் போகப் போகச் சின்னதானது. மேடம் முழுசாகக் கேட்டாங்க. கேட்டுவிட்டு, எனக்குப் புரியுதும்மா, ஆனா சிஸ்டத்துல இவங்க ஓட்டினதா எதுவுமே இல்லையே, நான் எதைக் காட்டி மாத்துவேன் என்றாங்க. புதுசாகச் சேரலாம், வண்டி வயசு மட்டும் சரியாக இருக்கணும் என்றாங்க. கடைசி மூன்று வாரக் கம்பெனி வாடகை எங்களுக்கு வர வேண்டியிருந்தது. அதையும் கேட்டோம். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இருந்தால்தான் பாஸ் பண்ண முடியும், இந்தக் கணக்கில் லைசென்சே இல்லை, விசாரணையில் வைக்கிறோம் என்று தம்பி சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் எங்க முகத்தைப் பார்க்கவில்லை.

முனிராஜ் எழுந்து அந்தம்மா முன்னால் போய் நின்றான்.

"ஏம்மா, நீ போட்டு உட்டுப் போட்டு உட்டு, நாங்க ஓட்டவே இல்லைன்னு ஆக்கிட்டியேம்மா."

"ஏல, சும்மா கெட," என்றான் சுடலைமுத்து. "ஓ.டி.பி.ய போட மாட்டேன்னு பேட்டரிய கழத்துனவன் நீதானே? அந்தப் பிள்ளைய என்னத்துக்கு வையுத?"

முனிராஜ் அழுதுவிடுகிற மாதிரி இருந்தான். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. டீ டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

அன்றைக்கு ஐந்து மணிக்கு லைனை நிறுத்துவதாக இருந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால் மேசையில் போன் அடித்தது. அவங்க ஓனரைப் பார்த்தாங்க. அவர் தலையை ஆட்டினார். எடுத்தாங்க. ராயக்கோட்டைப் பக்கம் ஒரு தக்காளிக்காரர், நாளைக்குக் காலையில் வண்டி வேண்டும் என்கிறார். நாளையிலிருந்து நாங்க இல்லீங்க என்று சொல்கிறாங்க. அவருக்கு விளங்கவில்லை. அப்போ யாரைக் கூப்பிடறது என்று கேட்கிறார். அவர் குரல் எங்களுக்கே கேட்கிறது. அந்தம்மா எங்க மூன்று பேரையும் பார்த்தாங்க. என் நம்பரைச் சொல்லலாமா என்று கண்ணால் கேட்ட மாதிரி இருந்தது. நான் தலையாட்டுவதற்குள் மேசையிலிருந்த பச்சை விளக்கு அணைந்தது.

"சொல்லுங்க... சொல்லுங்கண்ணா... கேக்குதுங்களா?" என்று அவங்க பேசிக்கொண்டே இருந்தாங்க. அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று எங்க எல்லாருக்கும் தெரிந்தது. தம்பிதான் அந்தம்மாவிடம் மெல்ல, லைன் போயிடுச்சுங்க என்றான். ஹெட்போனைக் கழற்றினாங்க. தைத்த துணி முடியில் மாட்டிக்கொண்டது. அதை எடுத்துவிட்டு என்னிடம் திரும்பி, "நான் வெக்கலண்ணா," என்றாங்க. மூன்று பேரில் என்னிடம் எதற்குச் சொன்னாங்க என்று இன்னும் தெரியவில்லை.

அப்புறம் நான் ஸ்டாண்டுக்குப் போனேன். தலைவர் சொன்ன சொல் மாறவில்லை, கடைசி ஆள். முனிராஜ் வண்டியை விற்றுவிட்டு ஒரு கம்பெனி பஸ்ஸுக்கு டிரைவராகப் போய்விட்டான். சுடலைமுத்து செங்கல் லோடு அடிக்கிறான்.

அந்தம்மாவை அதற்குப் பிறகு ஒரே தரம்தான் பார்த்தேன். போன் உதிரி பாகம் செய்கிற கம்பெனி ஒன்றுக்கு அட்டைப் பெட்டி இறக்கப் போயிருந்தேன். ஷிப்ட் விட்டு ஆட்கள் வருகிற நேரம். கேட்டுக்குப் பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன அறைப் பெட்டிகள் இருந்தன. உள்ளே வேலை செய்கிறவர்கள் போனை அதில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரே மாதிரி நீலக் கோட்டில் நூறு பெண்கள் வந்தார்கள். அதில் ஒருத்தர் பெட்டியைத் திறந்து போனை எடுத்து, வண்டிக்குக் காத்திருக்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாங்க. அந்த நிற்கிற விதத்தைப் பார்த்துத்தான் கிட்டே போனேன்.

எட்டு மணி நேரம் யார் கூப்பிட்டாலும் தெரியாதுண்ணா என்றாங்க. வெளியே வந்து பார்த்தா மிஸ்டு கால் இருக்கும், ஒண்ணா, ரெண்டான்னு எண்ணுவேன், அப்புறம்தான் இப்ப அதுக்கு அர்த்தம் இல்லைன்னு ஞாபகம் வரும் என்றாங்க. சிரித்துக்கொண்டேதான் சொன்னாங்க. கிராம்பு இல்லை. இங்க பேச வேண்டிய வேலை இல்லையே என்றாங்க.

அந்த மூன்று வார வாடகைக்காக அவங்க புதுக் கம்பெனிக்குப் போன் போட்டுக்கொண்டே இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். லீவு நாளெல்லாம் போடுவாங்களாம், காத்திருங்கள் என்று அந்தப் பக்கம் பாட்டுப் போடுவார்களாம், பாட்டு முடிந்ததும் அதுவாகவே கட்டாகிவிடுமாம். பதினாலு பேருக்காகவும் போடுகிறாங்க. அதனால் சொன்னேன், அதை விட்டுடும்மா, சின்னக் காசுதானே, போனாப் போகுது, நீ எதுக்கு அதுக்கு அலையறே என்று. ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவங்க முகம் மாறிவிட்டது. அவங்களுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. பார்த்ததே இரண்டாவது தரம்தான்.

"விட்டுடாதீங்கண்ணா. அவங்ககிட்ட உங்க பேருல இருக்கறது அந்தப் பாக்கிக் கம்ப்ளைண்ட் ஒண்ணுதான். அதையும் விட்டுட்டா, நீங்க ஓட்டவே இல்லைன்னு ஆயிடும். நான்தான் அப்படி ஆக்கினேன்னு ஆயிடும்."

கம்பெனி பஸ் வந்துவிட்டது. சாமல்பட்டி வரைக்கும் போகிற பஸ் இல்லை, பாதியில் இறங்கி வேறு பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஏறினாங்க. சன்னலோரம் இடம் கிடைத்ததா என்று பார்ப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து அவங்க சொந்த நம்பருக்குப் போட்டேன். யாரோ ஒரு ஆண் கன்னடத்தில் பேசினார். தப்பான நம்பர் என்று மட்டும் விளங்கியது. அவங்க வேலை செய்த போன் பாகக் கம்பெனியில் விசாரித்தேன். கான்ட்ராக்ட் முடிந்து நிறையப் பேர் போய்விட்டார்கள், யார் என்று பெயரைச் சொன்னால் பார்க்கிறோம் என்றார்கள். சொன்னேன். இல்லை என்றார்கள்.

இப்போது மாசா மாசம் நானே புதுக் கம்பெனிக்குப் போன் போடுகிறேன். தமிழுக்கு இந்த நம்பரை அழுத்து என்கிறது, அழுத்துகிறேன். டிரைவர் என்றால் இந்த நம்பர் என்கிறது, அழுத்துகிறேன். பாட்டு கட்டானால் மறுபடி போடுகிறேன். கடைசியில் யாராவது ஒரு பிள்ளை எடுக்கும். ஒவ்வொரு தரமும் வேற வேற பிள்ளை. எல்லாம் நல்ல பிள்ளைகள்தான், சார் சார் என்றுதான் பேசுகிறார்கள். சிஸ்டத்தில் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்பார்கள், சார், இது ரொம்பப் பழைய கம்ப்ளைண்ட், க்ளோஸ் பண்ணிடலாமா?

வேண்டாங்க, அது அப்படியே இருக்கட்டும் என்பேன். எவ்வளவு சார் பாக்கி என்பார்கள்.

நாலாயிரத்து அறுநூத்தி எழுபது ரூபாய்.